தேர்வை லாரிக்குப் பக்கத்தில் வையுங்கள்: திறன் பாடத்திட்டம் எழுதுவோருக்குக் கொங்கு நாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்துக்கும், லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சிலுக்கும், கொங்கு மாவட்டங்களில் உள்ள ஐடிஐ, பாலிடெக்னிக் பாடத்திட்டக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

சரக்குப் போக்குவரத்துத் தொழிலுக்கு என்னென்ன திறன் வேண்டும் என்று பட்டியல் எழுதும்போது, தகவல் தொடர்பு, குழுப்பணி, பாதுகாப்பு விழிப்புணர்வு, நேர மேலாண்மை என்று வரிசையாக வந்து விழும். இவற்றில் எதுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவரிடம் நாமக்கல் டேங்கர் ஒன்றின் சாவியையோ, திருப்பூரில் வாசலுக்கு வந்து நிற்கும் கன்டெய்னரையோ நம்பிக் கொடுக்க முடியாது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். திறனைத் தலைப்பாக எழுதாதீர்கள். இந்த வேலையில் எது கெடும், ஏன் கெடும், கெடாமல் செய்ய எந்த அளவைப் பார்க்க வேண்டும், செய்யத் தெரியுமா என்று எப்படிச் சோதிப்பது என்று எழுதுங்கள்.

டிரைவர் வேலையை எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று வரும். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் பாடம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறக்குகிறார்கள். கியர் இல்லையென்றால் இன்ஜின் தரும் தடை இல்லை. புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. முழுப் பாரமும் பிரேக் டிரம் மீது விழுகிறது. டிரம் சூடேறி விரிகிறது, லைனிங் பிடிமானத்தை இழக்கிறது. பயத்தில் பெடலை மறுபடி மறுபடி மிதிக்க, பிரேக்கை இயக்க டேங்கில் உள்ள காற்றும் கம்பிரசர் நிரப்பும் வேகத்தை மீறிச் செலவாகிறது. அடிவாரத்துக்கு வரும்போது இரண்டுமே கையில் இல்லை.

இதற்கான திறன் 'பாதுகாப்பாக ஓட்டுதல்' அல்ல. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்கத் தெரிய வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கியர் விழாது. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முள் 30-ஐத் தொட்டதும் ஒரே அழுத்தாக அழுத்தி 20-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் டிரம்மைப் பழுக்க வைக்கிறது. காற்றழுத்த முள் 5 பாருக்குப் பக்கத்தில் வந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பத்தில் இறங்குகிறவருக்கும் இதே பாடம்தான்.

புறப்படும் முன் சோதனையையும் இதே போல அளவோடு எழுதலாம். காற்றை 8 பார் வரை ஏற்றி, இன்ஜினை அணைத்து, பெடலை ஒரு நிமிடம் முழுக்க அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முள் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது; எங்கே என்று காதை வைத்துக் கண்டுபிடிக்கட்டும். டேங்கில் தேங்கிய தண்ணீரைத் தினமும் திறந்துவிடுகிறாரா? டயரைக் கம்பியால் தட்டிப் பார்ப்பதோடு விடாமல், குளிர்ந்த நிலையில் கேஜ் வைத்துப் பார்க்கிறாரா? பின்னால் ஜோடியாக ஓடும் இரண்டில் ஒன்றில் காற்று குறைந்தால் அதன் பாரத்தையும் பக்கத்து டயர் சுமக்கும். கடைசியில் காற்று சரியாக இருந்த டயரும் வெடிக்கலாம். தட்டும் சத்தத்தில் இது தெரியவே தெரியாது.

நாமக்கல் பகுதிக்கு என்றே தனியாக எழுத வேண்டியது எல்பிஜி டேங்கர். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் சுமார் 18 டன் எரிவாயுவோடு ஒரு டேங்கர் கவிழ்ந்தது. முன்வண்டியிலிருந்து டேங்கர் கழன்றுகொண்டது. டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு, முன்வண்டியையும் டிரெய்லரையும் கோர்க்கும் டர்ன்டேபிள், கிங் பின், பூட்டுத் தாடை மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கோர்த்த பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முன்வண்டியை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பூட்டு விழுந்ததா என்று உறுதிசெய்யத் தெரிய வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, சாக்கடைக்கும் பள்ளத்துக்கும் இறங்கித் தேங்கும். எனவே வண்டியை எங்கே நிறுத்துவது, ஆட்களை எந்தப் பக்கம் விரட்டுவது என்பதைக் காற்று வீசும் திசையும் நிலத்தின் சரிவும் முடிவு செய்யும். வண்டியில் ஒட்டியிருக்கும் பலகையில் உள்ள 1075 என்ற எண் (எல்பிஜிக்கான ஐ.நா. அடையாள எண்) எதைச் சொல்கிறது, அவசரகால அட்டையில் எந்த வரியை முதலில் தீயணைப்புத் துறைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதாது. அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது லோடு. அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு டன் கூடுதல் என்றால் 28,000; கூடுதல் சரக்கை இறக்கி வைக்கும் செலவு தனி. தெரியாதது அச்சுக் கணக்கு. 2018-ல் உயர்த்திய வரம்பின்படி பத்துச் சக்கர லாரிக்கு மொத்தம் 28.5 டன், அதில் பின்னிரட்டை அச்சுக்கு 21 டன். இரும்பையும் மோட்டாரையும் பின்பக்கம் குவித்தால் மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின்னச்சு தாண்டிவிடும். முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். இன்னொன்று: வரம்பு உயர்ந்துவிட்டது என்பதற்காகப் பழைய வண்டிக்குத் தானாக அது பொருந்தாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள எடையே கணக்கு. எடைமேடைச் சீட்டையும் ஆர்சியையும் பக்கத்தில் வைத்து இன்னும் எத்தனை டன் ஏற்றலாம் என்று சொல்லத் தெரிவது ஒரு திறன். அதற்கு ஒரு கழித்தல் கணக்கு போதும்.

சேலம் உருக்காலையிலிருந்து வரும் காயில் (உருக்குத் தகட்டுச் சுருள்) போன்ற லோடுக்குக் கட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. திடீர் பிரேக்கில் சரக்கு முன்னால் பாயும் விசை அதன் எடையில் 80 சதவீதம் வரை, பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம் வரை என்று வைத்துக் கட்டுவது சர்வதேச வழக்கம். 10 டன் காயில் என்றால் முன்பக்கம் 8 டன்னைத் தாங்க வேண்டும். கேபினுக்குப் பின்னால் இருக்கும் தகரமும் இரண்டு நைலான் கயிறும் அதைத் தாங்காது. ஆப்பு, தொட்டில் கட்டை, தகுதி எழுதிய செயின், கூர் விளிம்பில் செயின் அறுபடாமல் காக்கும் மூலைத் தகடு, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்குவது, இவ்வளவும் பாடத்தில் வர வேண்டும். தார்ப்பாய் போடுவதற்கும் ஒரு முறை உண்டு: பின்விரிப்பை முதலில் போட்டு, அதன் மேல் முன்விரிப்பு ஏறி வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடும் வேகத்தில் காற்றும் மழையும் மடிப்புக்குள் நுழைந்துவிடும். மஞ்சளும் நூலும் ஜவ்வரிசியும் நனைவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி, யாரும் திறன் என்றே கணக்கில் எடுக்காத வேலை ஒன்று: புக்கிங் ஆபீஸ் கிளார்க். லாரி நின்றால் நஷ்டம் தொடங்குவது இவர் மேசையில். இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். மும்பைப் பக்கம் சுமார் 1,250 கிலோமீட்டர் என்றால் 7 நாள். வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்குச் சரக்கை மாற்றினால், புது வண்டி எண்ணைப் பகுதி 'பி'-யில் ஏற்றிய பிறகே வண்டி நகர வேண்டும். ஏற்றாமல் போய்ப் பிடிபட்டால் வரியில் 200 சதவீதம் வரை அபராதம் கேட்பார்கள். சரக்கு மேல் வரி ஏய்ப்பு ஒன்றுமே இல்லாவிட்டாலும் விளக்கம் சொல்லி மீட்க நாள் கணக்கில் ஆகும். காலக்கெடு தீர்வதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும்தான் நீட்டிப்பு வாங்க முடியும். நள்ளிரவில் டிரைவர் கூப்பிட்டால் யார் எடுப்பது, கடவுச்சொல் யாரிடம், காரணம் என்ன எழுதுவது? இதைக் கணினித் திறன் என்று ஒரு வரியில் அடக்கிவிட முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய் என்ற மதிப்பு வரம்பையும் இவர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

லாரி ரசீதும் அப்படியே. சரக்கு குறைந்தது, நனைந்தது என்றால் டெலிவரிப் பிரதியில் 'இரண்டு பேல் குறைவு', 'ஓரம் நனைந்துள்ளது' என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாலைவழிச் சரக்குச் சட்டம், 2007-ன்படி புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற பழக்கத்தை உடைப்பதுதான் பயிற்சி.

திருப்பூர்ப் பக்கம் வந்தால், லோடிங் மேஸ்திரியும் ஆவணக்காரரும். 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) கன்டெய்னர் உள்ளே சுமார் 76 கன மீட்டர். 60×40×30 செ.மீ. பெட்டி ஒன்று 0.072 கன மீட்டர். வகுத்தால் 1,055 பெட்டி என்று காகிதம் சொல்லும். ஒரே வாக்கில் அடுக்கினால் ஒரு தளத்துக்கு 100, எட்டுத் தளத்துக்கு 800-தான் ஏறும். மூன்று வரிசையைக் குறுக்காகவும் ஒன்றை நெடுக்காகவும் வைத்தால் தளத்துக்கு 110, மொத்தம் 880. ஆனால் பனியனை அழுத்தித் திணித்து 40 செ.மீ. பக்கம் 41 ஆகப் புடைத்தால், நீளவாக்கில் 30 போக வேண்டிய இடத்தில் 29-தான் போகும். 24 பெட்டி கதவுக்கு வெளியே நிற்கும். பேக்கிங் மேசையில் நடந்த தவறு கன்டெய்னர் வாசலில் தெரிகிறது. அதற்குள் துறைமுகக் காலக்கெடு நெருங்கிவிடுகிறது. எனவே பெட்டியை மூடிய பிறகு அளந்து பார்ப்பது பேக்கிங் ஆளின் திறன், குறுக்கு நெடுக்கு வரைபடம் போடுவது மேஸ்திரியின் திறன். விமானத்தில் போனால் அதே பெட்டிக்குக் கன சென்டிமீட்டர் அளவை 6,000-ஆல் வகுத்து 12 கிலோ என்று வாடகை. உள்ளே 9 கிலோ இருந்தாலும் அதே 12-தான்.

கன்டெய்னர் வந்ததும் ஆளை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசித்துளை போதும், கடல்மேல் தண்ணீர் இறங்க. தரைப்பலகை ஈரமாக இருக்கிறதா, ரசாயன வாடை அடிக்கிறதா என்பதும் அப்போதே. 2016 ஜூலை முதல் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்ற முடியாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்) மூன்றிலும் பெட்டி எண்ணிக்கையும் மொத்த எடையும் ஒன்றாக இருக்க வேண்டும், சீல் எண்ணும் தவறாமல் பதிய வேண்டும். கடைசி நேரத்தில் ஐந்து பெட்டியைக் கழித்துவிட்டு ஒரு தாளை மட்டும் திருத்துவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.

கிடங்கு ஃபோர்க்லிஃப்ட் பற்றிச் சுருக்கமாக: 2.5 டன் என்று தகட்டில் எழுதியிருப்பது பாரத்தின் மையம் 500 மி.மீ. தூரத்தில் இருக்கும்போது மட்டும். பெட்டி நீளமானால் தூக்கும் திறன் குறையும்; அது தெரியாதவர் கையில் வண்டி முன்னால் குப்புற விழும். மெக்கானிக்குக்கு இப்போது அவசரம் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டிகள். புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் 32.5 சதவீத யூரியா கரைசலுக்குப் பதிலாக உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் இன்ஜெக்டர் படிந்து அடைத்து, வண்டி இழுவை இழக்கும். அடர்த்திமானியால் கரைசலைச் சோதிக்கவும், ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டுக்குக் காரணத்தைத் தேடவும் தெரிய வேண்டும். குறியீட்டை அழித்துவிட்டு அனுப்புவது பழுது பார்த்ததாகாது.

தேர்வு பற்றி. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் மேலே சொன்ன எதையும் சோதிக்க முடியாது. கனரக உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு என்ற நிபந்தனை 2019-லேயே நீங்கிவிட்டது. ஓட்டுகிறவர்களில் பலர் எழுத்தைவிடக் கையாலும் வாயாலும் தெளிவாகச் சொல்லக் கூடியவர்கள். ஒரு லாரியில் மூன்று குறைகளை வேண்டுமென்றே வைத்து, அரை மணி நேரம் கொடுத்து, கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். "ஏனுங்க, இருவது வருசம் ஓட்டுனவனுக்கு எதுக்குங்க சர்ட்டிபிகேட்டு?" என்ற கேள்வி சங்ககிரியில் கண்டிப்பாக வரும். அவருக்கு ஆறு மாதப் படிப்பு வேண்டாம். வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரத்தின் கீழ் இந்த அரை மணிச் சோதனை போதும். திருப்பூர், கோவைக் கிடங்குகளில் லோடு ஏற்றுகிறவர்களில் பலர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்தியிலோ வங்காளத்திலோ ஒடியாவிலோ வாய்வழித் தேர்வு வையுங்கள்.

வேலை நேரத்தையும் பாடத்தோடு சேருங்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்திருந்தது. பயண நேரத்தைக் கணக்கிட்டு, எந்த இடத்தில் இரண்டாவது டிரைவர் ஏற வேண்டும் என்று திட்டமிடுவது டிரான்ஸ்போர்ட் மேனேஜரின் திறன். அதை டிரைவரின் மனவுறுதிக்கு விட்டுவிட்டு 'களைப்பு மேலாண்மை' என்று அவர் பாடத்தில் ஒரு பிரிவு சேர்ப்பது நியாயமில்லை.

முதல் வரைவுக்கு டிரைவர், புக்கிங் கிளார்க், லோடிங் மேஸ்திரி என்ற மூன்று வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழில் எழுதி, சங்ககிரி லாரிப் பட்டறையிலும் திருப்பூர் ஏற்றுமதிக் கிடங்கிலும் இருகூர் கன்டெய்னர் முனையத்திலும் வேலை செய்கிறவர்களிடம் வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். "இப்படி யாரும் செய்வதில்லை" என்று அவர்கள் சொல்லும் வரியை அடித்துவிட்டு, ஏன் செய்வதில்லை என்று கேட்டு அந்த இடத்தில் எழுதுங்கள். சோதனைக்கு லாரி, கன்டெய்னர், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரில் பழுதானது, தேய்ந்த கிங் பின் எல்லாம் இங்கேயே கிடைக்கும்.

இப்படிக்கு,
நாமக்கல், சங்ககிரி, ஈரோடு, திருப்பூர், கோவைப் பகுதிகளில் லாரி, பட்டறை, கிடங்கு, ஏற்றுமதி ஆவண வேலைகளில் இருப்போர்