முக்காடு அணிந்ததற்காக வேலை மறுக்கப்பட்டது குறித்துக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பனியன் கம்பெனி செக்கிங் பெண் தொழிலாளி, திருப்பூர்.
(பெயர், முகவரி தனித்தாளில் இணைத்துள்ளேன்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருப்பூர்.

பொருள்: முக்காடு அணிவதால் நிறுத்தப்பட்ட வேலையைத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

நான் பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்து, பல வருடங்களாக, தைத்த துணிகளில் (பீஸ்களில்) குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை செய்து வருகிறேன். சேர்ந்த நாள் முதல் முக்காடு போட்டுத்தான் வேலை செய்கிறேன். புதிதாக வந்த மேனேஜர், எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், துணியை எடுத்தால் உள்ளே வா என்று சொல்லி என்னைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். எழுத்தில் எதுவும் தரவில்லை. காண்ட்ராக்டரைக் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டுகிறார், கம்பெனியில் கேட்டால் காண்ட்ராக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த வாரம் சனிக்கிழமைச் சம்பளமும் முழுதாக வரவில்லை.

பாதுகாப்புக்காக என்றால் நானே கேட்டுக்கொள்வேன். தொங்கும் துணி மெஷின் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்பது பனியன் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் செக்கிங் மேசையில் ஓடும் மெஷின் எதுவும் இல்லை. அப்படியும் முக்காட்டைப் பின் குத்தி ஓவர்கோட்டுக்குள் செருகித்தான் வைத்திருப்பேன். முடி பீஸில் விழக்கூடாது என்று மற்ற பெண்களுக்குக் கம்பெனியே தலைக்குத் தொப்பி தருகிறது. கம்பெனி கலரிலேயே முக்காடு தைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

அதே கம்பெனியில் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்ட அண்ணன்கள் கருப்பு வேட்டியும் தாடியுமாக வேலைக்கு வருவார்கள். அதை யாரும் தடுக்கக் கூடாது என்பதே என் எண்ணமும். அந்த நியாயம் எனக்கும் வேண்டும். பக்கத்து மேசை அக்கா ஒருவர், "அவங்க தலையில துணி இருந்தா பீஸ் என்னங்க கெட்டுப்போகுது?" என்று எனக்காக மேனேஜரிடமே கேட்டார். அவருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் வரக் கூடாது.

அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றும் உரிமை தருகிறது. அது அரசுக்குத்தான், தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று சிலர் வாதாடுகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958-ஆம் ஆண்டு 111-ஆம் உடன்படிக்கை, வேலையில் மதத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. இந்தியா 1960-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதால்தான் தங்களிடம் வந்திருக்கிறேன். தலைப்பாகை கட்டும் சீக்கியருக்கு மோட்டார் வாகனச் சட்டமே ஹெல்மெட்டிலிருந்து விலக்குத் தருகிறது. என் முக்காட்டால் யாருக்கும் ஆபத்து இல்லை.

ஆகவே, தொழிலாளர் துறை அதிகாரி மூலம் கம்பெனியையும் காண்ட்ராக்டரையும் ஒன்றாக அழைத்து விசாரித்து, என் பழைய வேலையையும் பிடித்தம் செய்த சம்பளத்தையும் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புக் காரணத்தை எழுத்தில் தராமல், மத வழக்கப்படி உடுத்துவதற்காக எந்தத் தொழிலாளியையும் நிறுத்தக் கூடாது என்று மாவட்டத்திலுள்ள கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் வேண்டுகிறேன். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் என் சம்பளத்தில்தான் நடக்கின்றன; விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)