பெல் அடிச்சா பாட்டி எந்தப் பக்கம் திரும்புவாங்க?

டேய் மாப்ள,

உன் மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, திட்டாத. முழங்கை வீங்கி டைப் பண்ணவே முடியல. சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன், பயப்படாத, வெறும் சிராய்ப்புதான்.

சாயங்காலம் இங்க சிங்கப்பூர்ல கல்லாங் ஆத்தோரம் பார்க் கனெக்டர்ல, அதான் பூங்காவுக்குப் பூங்கா இணைக்கிற பாதைல, ஓட்டுவேன்னு சொன்னேன்ல. நடக்குறவங்க, ஓடுறவங்க, சைக்கிள், குழந்தை வண்டி எல்லாத்துக்கும் ஒரே பாதை. சட்டப்படி 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் போலாம், நானும் ஒரு 20ல போயிட்டிருந்தேன், முன்னாடி ஒரு சீனப் பாட்டி மார்க்கெட் ட்ராலிய இழுத்துக்கிட்டு இடப்பக்கமா ஒழுங்காத்தான் போறாங்க, நான் பின்னாடி ஒட்டிப் போய் பெல் அடிச்சேன் பாரு, அங்கதான் கெட்டுச்சு. வலப்பக்கமா திரும்பிப் பாத்தாங்க, கழுத்து திரும்புனா காலும் கூடவே போகும்ல, ட்ராலி நேரா என் வழியில வந்து நிக்குது. பிரேக்க அமுக்குனேன், புல்லுல போய் விழுந்தேன். பாட்டி பாவம், பயந்து போய் என் கைய டிஷ்யூல தொடச்சு ஒரு ஆரஞ்சு வேற குடுத்தாங்க. வெக்கமாப் போச்சுடா.

நம்ம ஊர்ல பெல் அடிச்சா எவன் திரும்புறான், அவன் பாட்டுக்கு போவான் நாமதான் சுத்திப் போவோம். இப்பல்லாம் தூரத்துலயே ஒரு தடவ அடிச்சிருவேன், கிட்ட வந்ததும் அவங்க நடக்குற வேகத்துக்கு எறக்கிட்டுதான் தாண்டுறது. இயர்போன் மாட்டிருக்குறவங்களுக்கு அதுவும் கேக்காது. அதவிட மோசம் நாய் சங்கிலி, நாய் ஒரு ஓரம் ஆளு ஒரு ஓரம், நடுவுல நூலு மாதிரி கயிறு, இருட்டுனா தெரியவே தெரியாது.

கவர்மெண்டும் சும்மா இல்ல. ஈ-ஸ்கூட்டர 2019 நவம்பர்லயே நடைபாதைல இருந்து தூக்கிட்டாங்க, சைக்கிளுக்கு அங்க 10 கிலோமீட்டர்தான். சைக்கிள் பாதைய ஒட்டியே தனியா நடக்குறதுக்குன்னு விட்ட பாதைல 2025 ஜூலைல இருந்து சைக்கிள் ஏத்தவே கூடாது. எடம் இருக்குற தெருவுல சரி, ஆத்தோரத்துல எங்கடா போய் இன்னொரு பாதை போடுறது?

டிசம்பர்ல வர்றேன்னியே, டிக்கெட் போட்டியா? ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல வாடகை சைக்கிள் எடுத்துத் தரேன், அங்க சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கு, நீ எப்படி ஓட்டுனாலும் பாட்டிங்க தப்பிச்சாங்க.