நகையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நகை வாங்குவோருக்கு யோசனை சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஹால்மார்க் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள்’ என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தங்கத்தின் தரத்துக்கு அது சரி; நகையின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நம் நாட்டில் தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000-இல்தான். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் ஆறெழுத்து அடையாள எண்ணான ஹெச்.யு.ஐ.டி. வந்தது 2021-இல். கொள்ளுப்பாட்டி போட்ட அட்டிகையில் அது எப்படி இருக்கும்? பழைய நகைக்கு இன்று முத்திரை குத்தி வாங்கவும் முடியும். குந்தன், போல்கி, ஜடாவ் என்ற வடநாட்டுக் கல் பதித்த நகை வகைகளுக்கோ கட்டாய ஹால்மார்க்கே இல்லை.

என் அப்பா மயிலாப்பூரில் நகை செய்யும் பத்தராக இருந்தவர். யார் நகை கொண்டுவந்தாலும் முதலில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். உரைகல்லை எடுப்பது அதற்கப்புறம்தான்.

போன தை மாதம் என் நாத்தனார் தன் மகள் கல்யாணத்துக்காக ஒரு கெம்பு அட்டிகை வாங்கி வந்தார். ‘செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்’ என்று கடையில் சொன்னார்களாம். அதை நம்பித் தங்க விலைக்கு மேல் பெரிய தொகை கொடுத்திருக்கிறார். ஜன்னலோரம் வெள்ளைத் துண்டை விரித்து, அதையும் என் அம்மாவின் அட்டிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்பாவின் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன்.

அம்மாவுடையதில் எந்த இரண்டு மாங்காய் வடிவமும் ஒன்றுபோல் இல்லை. ஒரு கல் ரத்தச் சிவப்பு, அடுத்தது கொஞ்சம் ரோஸ். கல்லுக்கடியில் வைத்த தகடு இரண்டு இடத்தில் மங்கிக் கிடக்கிறது. பின்புறம் உளி பட்ட தடம் தெரிகிறது, ஓரத்தில் பழுப்பாக அரக்கு எட்டிப் பார்க்கிறது. வளையத்தோடு வளையம் உரசும் இடத்தில் கம்பி பாதியாகத் தேய்ந்து, அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

நாத்தனாருடையதில் எல்லா மாங்காயும் ஒரே அச்சு, கல் எல்லாம் ஒரே சிவப்பு. பின்பக்கத்தில், தங்கத்தை உருக்கி அச்சில் வார்க்கும் காஸ்டிங்கில் விழுகிற ஊசிமுனைப் பொத்தல்கள். கருமை மட்டும் எங்கும் சமமாகப் படிந்திருந்தது, வளையங்கள் உரசும் உள்பக்கத்தில்கூட! தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் புரண்ட நகையில் அழுக்கு பள்ளத்தில்தான் தங்கும். உரசும் இடத்தில் நிற்காது. நகாசு வேலைக்கு மேல், பழசுபோலத் தெரியப் போட்ட ஆன்டிக் பாலிஷ் அது.

மனசு கேட்காமல் அவரோடு கடைக்குப் போனேன். தங்கத்தின் தரம் காட்டும் காரட் மீட்டரில் வைத்து 91.6 சதவீதம் என்று காட்டினார்கள். தங்கம் நல்ல தங்கம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. வயதைப் பற்றிக் கேட்டபோது, ‘ஆன்டிக்னா அந்த பாலிஷ்தாங்க’ என்று பதில் வந்தது. பில்லில் ‘ஆன்டிக் நெக்லஸ்’ என்று மட்டும் இருந்ததால் வாதாட வழியில்லை.

ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தப்பு. கெம்பு செயற்கை என்று தெரிந்த உடனே நகையைப் போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-இலேயே வெளியிட்டுவிட்டார். லென்ஸில் கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரிந்தால் அந்த வகை. 1920-களில் செய்த நல்ல நகையிலும் அது இருக்கலாம். 1850-இல் செய்தது என்று சொல்லும் நகையில் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். அப்போதும் கல் உதிர்ந்து பிற்பாடு மாற்றிப் பதித்திருக்கலாம். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தில் கேட்மியம் என்ற உலோகம் இருப்பதாக மீட்டர் காட்டினால் அந்தப் பற்று சமீப காலத்தது, ஆனால் அது ரிப்பேராகவும் இருக்கலாம். ஒரே தோட்டில் திருகு ஒரு காலத்தது, சுரை ஒரு காலத்தது, கல் ஒரு காலத்தது என்று அப்பா எத்தனையோ பார்த்திருக்கிறார். நீலச் சாயலடிக்கும் வைரத்தைக் காட்டி ‘இருநூறு வருஷத்து ப்ளூ ஜாகர்’ என்று யாராவது சொன்னால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். அந்தப் பெயரைக் கொடுத்த ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் என்ற தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வைரம் எடுக்க ஆரம்பித்ததே 1870-களில்தான்.

இன்னொன்றும் உங்கள் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. ஆகவே ‘நூறு வருஷம்’ என்று சொல்லும் கடையில் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். வயதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பாலிஷ் போட்ட புது நகை என்றால் அதையும் அப்படியே எழுதட்டும். புது நகையைப் புதுசு என்று சொல்லி விற்பதில் எந்தக் குற்றமும் இல்லை, அதிலும் ஆசாரிகளின் உழைப்பு இருக்கிறது.

அந்த ஹால்மார்க் வரியை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்கு நகை எடுக்கக் கிளம்புவதற்குள் அது வாசகர்கள் கையில் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பத்தரின் மகள்,
மயிலாப்பூர், சென்னை-4.