சாட்சிக் கையெழுத்து

குடியாத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தம்பி பரீட்சை முடித்து வந்திருக்கிறான். போனில் கல்யாணப் பேச்செடுத்தால் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

வைகாசியில் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்தபோதே கவனித்தேன். அம்மன் சிரசு தரணம்பேட்டையிலிருந்து புறப்பட்டு ஊரே தெருவில் நிற்கிறது, நீ போனும் கையுமாக மாடியில் நின்றாய். அன்றும் கேட்கவில்லை, இப்போதும் நான் எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் நான் பத்திரம் எழுதும் மேசைக்கு ஒரு ஜோடி வந்தது. கோயிலில் தாலி கட்டிய கையோடு பதிவுக்கு வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கழுத்துக் கயிற்றில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. சாட்சிக்கு அவர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரரையும் எதிர்க்கடை ஜெராக்ஸ் பையனையும் கூப்பிட்டார்கள். படிவத்தை அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டு வந்தவள், தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். பிறகு அதை மட்டும் முத்து முத்தாக எழுதினாள். அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

சட்டப்படி அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன், எனக்குத் தெரியாதா? உன் தாத்தா கல்யாணம் 1963இல் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பங்காளிகள் காணி பிரிக்கும்போது "இதெல்லாம் ஒரு கல்யாணமா" என்று கிளம்பினார்கள். பாட்டி பட்ட பாடு உனக்கே தெரியும். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கிய பிறகுதான் அவர்கள் வாய் அடைத்தது. அதுவரை பாட்டிக்காகப் பேசியவர்கள் அந்தப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். "எங்கள் கண்முன்னே நடந்தது" என்று பங்காளிகள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு நாலு பேர் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மண்டபமும் சீர்வரிசையும் எனக்குப் பெரிதில்லை. மறைத்துச் செய்கிற கல்யாணத்தில், நாளைக்கு ஒன்று என்றால் உனக்காகப் பேச யார் இருப்பார்கள்?

பொதுவாகத் தெரிந்துவைத்துக்கொள். இருவரும் இந்துக்கள் என்றால் சாதி எதுவானாலும் 7-ஏ போதும். வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள், மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். நம் மாநிலத்தில் எந்த முறையில் நடந்தாலும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது. 90 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆனால் சட்டம் தெரியும் என்ற தைரியத்தில் அவசரப்படாதே. மறைக்கவும் மறைக்காதே.

நம் வம்சத்தில் பெங்களூரில் வேலை பார்க்கப் போன முதல் பெண் நீ. அதைச் சொல்லாமல் நான் யாருக்கும் ஒரு பத்திரம்கூட எழுதிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் அப்பாவிடம் ஒரு பெயரைச் சொல்லத் தயங்குகிறாய் என்றால் எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று யோசித்தாயா?

பெரியப்பா குதிப்பார். குதிக்கட்டும். அவர் முதலில் என்ன சாதி என்றுதான் கேட்பார். நான் கேட்பது வேறு. குடிப்பழக்கம் உண்டா? கடன் வைத்திருக்கிறானா? கோபம் வந்தால் கை நீளுமா? நீ வேலைக்குப் போவதைப் பெருமையாகச் சொல்கிறானா, பொறுத்துக்கொள்கிறானா? இதற்கெல்லாம் நீ யோசித்து வைத்த பதில் என்னிடம் வரட்டும். நான் பார்த்துப் பேசாமல் சரி என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மறைக்காதே, அவ்வளவுதான்.

தரகரிடம் இருந்த உன் ஜாதகத்தைத் திரும்ப வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. எந்த ரயில் என்று சொன்னால் காட்பாடிக்கு வந்து நிற்கிறேன். தனியாக வந்தாலும் சரி, கூட யாரையாவது அழைத்து வந்தாலும் சரி, சனிக்கிழமையே சொல்லிவிடு. எத்தனை பேருக்குச் சமைப்பது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா