அத்தையின் ஃபைலைச் சுமந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் என் மாமியாரின் முதல் ஆண்டு நினைவு நாள். சான் ஹோசே ஜப்பான் டவுனுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கு என் கணவர் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டார். தமிழில் சொல்ல வேண்டிய நன்றி மட்டும் 1998-லிருந்து பாக்கி. என் சோம்பல்தான், வேறென்ன.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அத்தை (அப்படித்தான் கூப்பிட்டேன், அவருக்கும் அது பிடித்துப்போயிற்று) பெருவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். லிமாவில் அவருடைய அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். 1944-ல், இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, அத்தைக்கு எட்டு வயது. அமெரிக்கா கேட்டது, பெரு பிடித்துக் கொடுத்தது. இப்படிப் பன்னிரண்டு லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து சுமார் 2,200 ஜப்பானியர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 1,800 பேர் பெருக்காரர்கள். ஜப்பானிடம் சிக்கியிருந்த அமெரிக்கர்களை மீட்கப் பதிலுக்குக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்தான்.

கப்பலிலேயே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் இறக்கி, துணியைக் களையச் சொல்லிப் பூச்சிமருந்து அடித்தார்கள். பிறகு ரயிலில் டெக்ஸாஸின் கிரிஸ்டல் சிட்டி தடுப்பு முகாம். போர் முடிந்ததும் அதே அரசு சொன்னது: நீங்கள் முறையான விசா இல்லாமல் இந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள், ஜப்பானுக்குப் போங்கள். சிலரைத் தவிர மற்றவர்களைப் பெருவும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் முதல் நன்றி, நான் பார்த்தேயிராத ஒருவருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோ வக்கீல் வெய்ன் காலின்ஸ் 1946-ல் நீதிமன்றம் போய் அந்த நாடுகடத்தலைத் தடுத்தார். அப்படி மிஞ்சிய 300-க்கும் மேற்பட்டவர்களில் அத்தை குடும்பமும் உண்டு. நியூ ஜெர்சியில் சீபுரூக் பண்ணையின் காய்கறித் தொழிற்சாலையில் அத்தையின் அப்பா வேலைக்குப் போனார். காலின்ஸ் இல்லாவிட்டால் நான் யாருக்கு மருமகள் ஆகியிருப்பேனோ!

1988-ல், போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு மன்னிப்பும் தலைக்கு 20,000 டாலரும் தரச் சட்டம் வந்தது. அத்தையும் விண்ணப்பித்தார். முகாமில் இருந்தபோது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லை, ஆகவே தகுதி இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் அத்தையைப் போலவே பெருவிலிருந்து கொண்டுவரப்பட்ட கார்மென் மொச்சிசுக்கியும் மற்றவர்களும் 1996-ல் அமெரிக்க அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 1998 ஜூனில் சமரசம்: 5,000 டாலர், அதிபர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம். விண்ணப்பிக்க ஆகஸ்ட் வரைதான் நேரம்.

நீங்கள் எல்லோரும் எங்கள் சமையலறைக்கு வந்தது அந்த இரண்டு மாதத்தில்தான். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தையின் பெயர் பெரு ஞானஸ்நானச் சீட்டில் ஒரு மாதிரி, ஜப்பானியப் பதிவில் ஒரு மாதிரி, முகாம் பட்டியலில் மூன்றாவது மாதிரி இருந்தது. மூவரும் ஒருவரே என்று காட்டியாக வேண்டும். நாகர்கோவில் அண்ணன் தன் அலுவலக ஜெராக்ஸ் மெஷினில் இரவு பத்து மணிக்கு மேல் நகல் எடுத்துக்கொண்டு வருவார். பேப்பர் சூடாகவே இருக்கும். அண்ணி ஒரு தூக்குச்சட்டியில் ரசமும் சாதமும் கொடுத்தனுப்புவார். ஸ்பானிய மொழிச் சீட்டுகளை உட்கார்ந்து மொழிபெயர்த்துத் தந்த எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு இதை வாசித்துக் காட்டுவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.

யாழ்ப்பாணத்து அக்கா அப்போது ஒரு குடியேற்ற வக்கீலிடம் வேலை பார்த்தார். ஃபைலை முதல் தடவை புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கடத்திக்கொண்டு வந்த ஆளிட்டையே விசா எங்கை எண்டு கேட்டிருக்கினம்" என்றார். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் விண்ணப்பத்தை நிரப்பினார். ஒரு பைசா வாங்கவில்லை, அக்கா. நீங்கள் குடித்த தேநீரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் கடன்காரர்கள்.

அத்தை கையெழுத்துப் போட்டார். ஆனால் காசோலை வந்த பிறகு பல வாரம் அது ஃப்ரிட்ஜ் மேலேயே காந்தத்துக்கு அடியில் கிடந்தது. 20,000 எங்கே, 5,000 எங்கே என்பது மட்டுமில்லை. சரி என்று வாங்கிக்கொண்டால் விசா இல்லாமல் வந்தவர்கள் என்று அரசு சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்ற உறுத்தல். கடைசியில் அந்தப் பணத்தில் வீட்டுக் கூரையை மாற்றினோம்.

அந்தச் சமரசத்தை ஏற்காமல் விலகியவர்கள் இருந்தார்கள். ஆர்ட் ஷிபாயாமா அவர்களில் ஒருவர். 13 வயதில் லிமாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். சட்டவிரோதமாக வந்தவர் என்று சொல்லிக்கொண்டே அவரை அமெரிக்க ராணுவத்திலும் சேர்த்தார்கள். அவரும் தம்பிமார் இருவரும் 2003-ல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்திடம் (வட, தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பின் அங்கம்) முறையிட்டார்கள். 2017-ல்தான் விசாரணை. 2018-ல் அவர் காலமானார். 2020-ல் ஆணையம் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றது, முழு இழப்பீட்டையும் பரிந்துரைத்தது. பரிந்துரைதான். இருந்தாலும் அந்தச் செய்தியை அத்தை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். காசோலையை வாங்கியவர்களுக்காகவும் சேர்த்து வாங்காதவர்கள் சண்டை போட்டார்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியாக, 2019 நவம்பரில் கிரிஸ்டல் சிட்டிக்குப் போன பயணத்தில் எங்களோடு வந்த தம்பிக்கு. ஊர் நடுவே, கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் சிலை, கீரைக்குப் பேர்போன ஊராம். அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முகாமின் நீச்சல் குளம் இருந்த இடத்துக்குப் போனார். கான்கிரீட் விளிம்பு மட்டும் மிச்சம். 1944-ல் அந்தக் குளத்தில் இரண்டு பெருச் சிறுமிகள் மூழ்கி இறந்தார்கள். அத்தை வாழ்நாள் முழுக்க நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. வெயிலில் அவர் அங்கே முக்கால் மணி நேரம் நின்றார். தம்பி, நீ குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாய். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு படம் எடுக்கவில்லை.

அண்ணி, உங்கள் தூக்குச்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் எல்லோருக்கும் தெரிந்த மருமகள்