வேட்டு ஓடுவதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செயலாளர் சார், பொருளாளர் மேடம், அப்புறம் எங்கள் வளாகத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை நின்று இரண்டு முறை படித்தேன். வளர்ப்பு நாய்களைக் காலை 5 முதல் 5.30 வரையும் இரவு 10 மணிக்கு மேலும்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும், பெரிய லிஃப்டில் ஏற்றக் கூடாது, வளாகத்துக்குள் எங்கேயும் நடத்தக் கூடாது. யார் பெயரும் போடவில்லை. ஆனால் நம் வளாகத்தில் இருப்பதே நான்கு நாய்கள், அதில் ஒன்று பதினோரு வயதுப் பக், இரண்டு ஷிட்சூவும் பால்கனியைத் தாண்டி வருவதில்லை, ஆக இது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நாலாவது நாயான எங்கள் வேட்டுக்காகத்தான்.

கோபமாக ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது. நீங்கள் எதைத் தடுக்க நினைக்கிறீர்களோ, இந்த விதி அதையே கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் வெண்டைக்காய் விஷயம். டிசம்பரில் ஒரு சாயங்காலம் லிஃப்ட் கதவு திறந்ததும் வேட்டு பாய்ந்து வெளியே ஓடி, நாலாம் மாடி மாமியின் மேல் இரண்டு முன்னங்கால்களையும் வைத்துவிட்டாள். கடிக்கவில்லை, நகக்கீறல்கூட இல்லை, ஆனால் மாமியின் பை கை நழுவி, வெண்டைக்காயும் கொத்தமல்லிக் கட்டும் லாபி முழுக்கச் சிதறி, அவர் சுவரில் சாய்ந்து நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. தப்பு எங்கள் மேல்தான். வாரைக் கையில் சுற்றிப் பிடிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். மாமியிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன், இங்கே எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் மழை விடாமல் பெய்து, அவள் வீட்டை விட்டு இறங்கவே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அவள் எப்படி வந்தாள் என்பது பல பேருக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளத்தில் ஒரு கடைப் படிக்கட்டில் ஒடுங்கியிருந்த குட்டிகளில் ஒன்று இவள். மீட்டவர்கள் வளர்த்து, கருத்தடை செய்து, ஊசியெல்லாம் போட்டு, தத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஐந்து வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். இன்னொரு வீட்டில் இரண்டு மாதம். முதல் வீட்டில் சோபாவைக் கிழித்தாளாம், இரண்டாவது வீட்டில் நாள் முழுக்கக் குரைத்தாளாம். இரண்டு வீட்டுக்காரர்களும் நல்லவர்கள்தான், ஆனால் இரண்டு வீட்டிலும் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை ஆள் கிடையாது, அவளுக்குக் கிடைத்தது தெருமுனை வரை பத்து நிமிட நடை.

நாங்கள் கேட்டுப் போனபோது அந்தத் தன்னார்வலப் பெண், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைக்கூட அப்படிக் குடைய மாட்டார்கள், அவ்வளவு கேள்வி கேட்டார். சொந்த வீடா வாடகையா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பால்கனிக் கம்பி இடைவெளி எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு என் கணவர் "நாலே முக்கால்" என்றதும்தான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், எங்கள் வீட்டில் யாருமே ஓர் இடத்தில் உட்காருகிற ஜாதி இல்லை. அவர் ஓடுவார், நான் சைக்கிள், பெரியவன் கால்பந்து, சின்னவள் ஸ்கேட்டிங் கட்டிக்கொண்டு பார்க்கிங்கில் சுற்றுவாள் (அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது, அதை விடுங்கள்). "இவளுக்கு ஏற்ற வீடு இல்லாமல்தான் திரும்பி வந்தாள், இவள்மேல் தப்பு இல்லை" என்றார் அந்தப் பெண். 2025 மார்ச்சில் கூட்டிவந்தோம்.

மீட்கப்பட்ட நாயைப் பற்றி வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாள் பயம் தெளிய, மூன்று வாரம் வீட்டுப் பழக்கம் புரிய, மூன்று மாதம் இது நம் வீடு என்று நம்ப. எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. முதல் மூன்று நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலேயே இருந்தாள். நாலாம் நாள் வெளியே வந்து என் இடது செருப்பைத் தின்றாள். வேட்டு என்று பெயர் வைத்தது சின்னவள், அவள் வாசலில் பாய்கிற வேகத்தைப் பார்த்து. தீபாவளிக்கு நிஜ வேட்டுச் சத்தம் கேட்டதும் மேடம் மறுபடியும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்.

"என்ன ஜாதி நாய்?" என்று கேட்காதவர்கள் நம் வளாகத்தில் குறைவு. நீண்ட கால், உள்ளொடுங்கிய வயிறு, முயலைக் கண்டால் என்ன ஆகுமோ என்ற பார்வை, இதெல்லாம் சிப்பிப்பாறைச் சாயல். சுருண்ட வாலும் பாதி மடிந்த காதும் நம் தெருநாய். சான்றிதழ் எதுவும் இல்லை, பார்த்துச் சொல்வதுதான். சிப்பிப்பாறை தெற்கே முயல் வேட்டைக்குப் பழக்கிய நாய், வெட்டவெளியில் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிப்பது. தெருநாயோ நாள் முழுக்கத் தன் எல்லையைச் சுற்றிக் காவல் பார்த்தே வளர்ந்தது. இந்த இரண்டு ரத்தமும் சேர்ந்த இரண்டு வயது நாயை 1,100 சதுர அடிக்குள் வைத்து "சும்மா இரு" என்றால் அது எங்கே போகும்? இதில் எனக்கு வேடிக்கையாக இருப்பது ஒன்று உண்டு. "ஜாதி நாய்" என்றால் தடவிக்கொடுக்கிற கை, "மீட்டு வந்தது" என்றதும் பின்னால் போய்விடுகிறது. ஊசி போட்ட அட்டை இரண்டுக்கும் ஒன்றுதான் சார்.

சரி, குரைப்புக்கு வருகிறேன், அதுதானே பெரிய புகார். பெரியவன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தான். காலையில் கொட்டிவாக்கம் கடற்கரைக்குப் போய் முக்கால் மணி நேரம் ஓடிவந்த நாட்களில் பகலில் குரைத்தது இரண்டு, மூன்று தடவை, அதுவும் கூரியர்காரர் மணி அடித்தபோது. போக முடியாத நாட்களில் பதினொன்று, பதினான்கு. ஆராய்ச்சி எல்லாம் இல்லை, ஒரு பையனின் கணக்கு நோட்டு, ஆனால் கீழ்வீட்டு அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் இதையேதான் சொல்வார். ஓடி வந்த நாளில் அவளை நீங்கள் பார்க்க வேண்டும். வாளித் தண்ணீரில் மூக்குவரை விட்டுக் குடித்துவிட்டு, ஹால் டைல்ஸில் பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, வயிறு தரையில் ஒட்ட, தோசைக்கல்லை விட்டு வராத தோசை மாதிரி கிடப்பாள். மீசையில் மணல் ஒட்டியிருக்கும். மிக்ஸி ஓடினாலும் காது மட்டும்தான் அசையும்.

கடற்கரைக்கே போகலாமே என்று கேட்பீர்கள். சனி, ஞாயிறு போகிறோம். மற்ற நாளில் பள்ளி வேன் ஆறே முக்காலுக்கு, இரண்டு பேருக்கும் ஆபீஸ். நீங்கள் கொடுத்திருக்கும் அரை மணி நேரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, அவள் ஒன்றுக்கு இரண்டுக்குப் போக இடம் மோந்து பார்ப்பதற்குள் திரும்ப வேண்டும். மாலை ஆறு மணியையும் எடுத்துவிட்டீர்கள். வெயில் காலத்தில் பகலில் கூட்டிப்போகவே முடியாது, தார் ரோட்டில் புறங்கையைச் சில விநாடி வைத்துப் பாருங்கள், நம் கை தாங்காவிட்டால் அவள் பாதமும் தாங்காது. வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் செய்கிறோம்: பழைய துண்டில் கோழித் துணுக்குகளைச் சுருட்டி மறைத்து மோப்பம் பிடிக்க விடுவது, கடித்துக் கிழிக்கத் தேங்காய் மட்டை. அதில் மூளை களைக்கும். கால் களைக்காது.

சட்டம் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனால் சுற்றறிக்கையில் நீங்கள் "விதிப்படி" என்று எழுதியிருப்பதால் ஒரு பத்தி. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டை மறுக்கவும் முடியாது. இரண்டு லிஃப்ட் இருந்தால் எதில் ஏற்ற வேண்டும் என்று சொல்லலாம், அது நியாயம்தான், ஆனால் நம் சரக்கு லிஃப்ட் நாலு மாதமாக அட்டைப்பெட்டி வைக்கும் இடமாக இருக்கிறது. இன்னொன்று, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. அடைத்தோ கட்டியோ வைத்திருக்கும் நாய்க்கு ஓட்டமோ நடையோ கொடுக்காமல் விடுவது அதில் குற்றம், அதுவும் வளர்ப்பவர் செய்கிற குற்றம். அதாவது உங்கள் விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் மாட்டுவது நான்.

நாயைக் கண்டால் பயம் என்பவர்களிடம் "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது" என்று நான் சொல்ல மாட்டேன், நாய்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற அந்த வாக்கியம் எனக்கே பிடிக்காது. பி பிளாக் அக்காவைச் சின்ன வயதில் தெருநாய் கடித்து வரிசையாக ஊசி போட்டிருக்கிறார்கள், அவருக்கு என் சமாதானம் எதற்கு? நம் நாட்டில் மனிதருக்கு வெறிநோய் ஏறக்குறைய முழுக்க நாய்க்கடியால்தான் வருகிறது என்பதும் உண்மை. அதனால்தான் வேட்டுவுக்கு வருடா வருடம் ஊசி, மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் எல்லாம் முடித்து, நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அக்கா லிஃப்டில் இருந்தால் நாங்கள் ஏற மாட்டோம், அடுத்ததற்கு நிற்போம். கதவு திறக்கும்போது அவள் என் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இப்போது பழக்குகிறோம். பத்துக்கு எட்டு முறை உட்காருகிறாள். மீதி இரண்டுக்காகத்தான் குட்டை வார்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மூன்று பக்கம் மதில் உள்ள காலி இடம், உடைந்த டைல்ஸும் பழைய பெயின்ட் டப்பாவும் கிடக்கிறதே, அதைக் காலை 5.30 முதல் 6.30 வரை நாய்களுக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளோ நடைப்பயிற்சிக்காரர்களோ அந்தப் பக்கம் வருவதில்லை. குப்பையை நாங்களே ஓர் ஞாயிற்றுக்கிழமை அள்ளிப் போடுகிறோம். நாலாவது பக்கத்துக்குக் கம்பிவலைக் கதவு வைக்கும் செலவும் எங்களுடையது. அள்ளும் பையும் மண்வெட்டியும் அங்கேயே இருக்கும், ஒரு நாள் அள்ளாமல் விட்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போக மாலை ஆறு மணியையும், சரக்கு லிஃப்ட் சரியாகும் வரை பெரிய லிஃப்டையும் அனுமதியுங்கள். மூன்று மாதம் பார்ப்போம். குரைப்புப் புகார் குறையவில்லை என்றால் பொதுக்குழுவில் நானே எழுந்து சொல்கிறேன்.

அவள் ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்தவள். வெளியூர்ப் பெட்டியை இறக்கினாலே கதவுக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொள்கிறாள். மூன்றாவது முறை திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குக் கடற்கரைக்குக் கிளம்புகிறோம். நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் வந்து, ஓடுவதற்கு முன்னால் அவளை ஒரு முறையும் ஓடின பின்னால் ஒரு முறையும் பார்த்தால் போதும். கேட்டில் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காரில் ஓர் இடம் இருக்கிறது, டீ என் செலவு. பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாம் மாடி,
வேட்டு வீட்டுக்காரர்கள்