ஆடிக்காற்றும் ஒரு கிலோ வட்டும்

தருமபுரி,
ஆடி 12.

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். எட்டு மாதமாக எழுதாததற்குச் சொல்ல என்னிடம் பொய்கள் மிச்சமில்லை. வட்டு எறிதலைப் பற்றிய நம் பழைய வாதத்தில் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளவே இக்கடிதம்.

விடுதி மொட்டைமாடியில் பட்டத்தைக் காட்டி, எதிர்காற்றில்தான் வட்டும் நன்றாகப் பறக்கும் என்றாய். பட்டத்துக்கு நூல் இருக்கிறது, வட்டுக்கு எங்கே என்று உன் வாயை அடைத்தேன். சென்ற வாரம், வழக்கமாக நின்று எறியும் வட்டத்தருகே குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால், மைதானத்தின் கிழக்கு முனையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, மேல்காற்றுக்கு எதிராகவே மாணவியரை எறியச் செய்தேன். 27 மீட்டருக்கே திணறும் பெண்ணின் வட்டு 29-ஐத் தாண்டிச் செம்மண்ணைப் பெயர்த்திருந்தது. நம்பாமல் நாடாவை இருமுறை பிடித்தேன்.

இரவில் கணக்குப் போட்டேன். கையைவிட்டு நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் புறப்படும் வட்டு, 4 மீட்டர் வேக எதிர்காற்றில் 20 மீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது; விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மேலே தூக்கும் விசை ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. அதே காற்று முதுகில் அடித்தால் அவ்விசை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. பின்னிழுக்கும் விசையும் கூடுகிறது என்று நீ குறுக்கிடுவாய். உண்மைதான், ஆனால் வட்டைத் தாழ்வாக, முன்விளிம்பு நிமிராமல் விட்டால் தூக்குவதே வெல்கிறது. இரும்புக் குண்டுக்கு இந்த வித்தையெல்லாம் இல்லை. ஆடிக்காற்றில் அம்மி பறந்தாலும் அது பறக்காது.

200 மீட்டர் வரையிலான ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது என்னும் விதி, எறிதலுக்கு இல்லை. 1986-இல் எறியப்பட்ட ஆண்கள் வட்டெறிதல் உலக சாதனையான 74.08 மீட்டர் 2024 வரை அசையாமலிருந்து, அமெரிக்காவில் ஒக்லஹோமாவின் காற்றடிக்கும் சமவெளியில் லிதுவேனிய வீரர் அலெக்னாவிடம் வீழ்ந்ததை நாளிதழில் படித்தும் எனக்கு உறைக்கவில்லையே!

உறுத்துவது வேறொன்று. பல ஆண்டுகளுக்கு முன் மாவட்டப் போட்டியின் கடைசி எறிதலில், எதிர்காற்று ஓயும்வரை காத்திரு என்று ஒருத்திக்குச் சைகை காட்டினேன். காத்திருந்தாள், காற்று ஓய்ந்தது, ஒரு சாண் தூரத்தில் பதக்கம் போயிற்று. இப்போது பாலக்கோட்டில் இருக்கிறாள். பேருந்தில் பார்த்தால் எழுந்து இடம் தருகிறாள். அவளிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? நீயே எழுது.

உன்,
பி.டி. வாத்தியார்